நான் அணைத்த சுவிட்ச்

விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது, எடுத்துவிட்டால் இதுவும் நடக்காததாக ஆகிவிடும், திலகா, நீதான் மறந்துபோய்ப் போட்டிருப்பாய் என்று ஆகிவிடும். சுவிட்ச் மேல்பக்கம் தூக்கி நிற்கிறது. மேல்பக்கம் என்றால் ஆஃப். இந்த வீட்டில், இந்த உறையூரில், எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். காலையிலிருந்து கரண்ட் இல்லை, மாதாமாதம் பராமரிப்பு வேலைக்கென்று நிறுத்துவார்களே, அதுதான். பேப்பரில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு இவர், "அப்ப நான் முடிவெட்டிட்டு, அப்படியே கோதண்டத்தப் பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிப் போனார், கோதண்டம் இவருடைய சிநேகிதர். கரண்ட் திரும்பும்போது எல்லா மெஷினும் ஒரேயடியாக விழித்துக்கொண்டு கெட்டுப்போகக் கூடாது என்று நான் போர்டு போர்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கீஸர் ஆஃப். வாஷிங் மெஷின் ஆஃப். மைக்ரோவேவ் ஆஃப். கடைசியாக ஹாலுக்கு வந்து, டிவி அலமாரிக்குப் பக்கத்துப் போர்டில் செட்டாப் பாக்ஸ் சுவிட்சை, கண்ணால் பார்த்தால் போதாது என்று விரலாலும் தொட்டு, ஆஃப் என்று வாய்விட்டுச் சொன்னேன். இப்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வது பழக்கமாகிவிட்டது. சொன்ன வாயை மூடவில்லை, கரண்ட் வந்துவிட்டது. எதிர்வீட்டு மோட்டார் உறுமியது, பக்கத்து வீட்டில் பாதியில் நின்ற மிக்ஸி விட்ட இடத்திலிருந்து கத்தியது, எங்கேயோ ஒரு குழந்தை "ஹே" என்று கூவியது. என் தலைக்குமேல் ஃபேன் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அதை நான்தான் போட்டுவைத்திருந்தேன், அது நியாயம். ஆனால் அலமாரிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் செட்டாப் பாக்ஸ் கிளம்பும்போது கேட்குமே, காதுக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம், அது. விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது, சுவிட்ச் ஆஃப்பில் இருக்கிறது, பாக்ஸ் ஓடுகிறது.

அலமாரிக் கண்ணாடியைத் திறந்தேன், இடது கையால், வலது கை விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்காமலே எட்டித் திறந்தேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பாக்ஸில் விளக்கு எதுவும் எரியவில்லை. அப்படியானால் சத்தம் என் தலைக்குள் கேட்டதா, அதுவும் ஆரம்பித்துவிட்டதா? புறங்கையை வைத்துப் பார்த்தேன். பூனை வயிறு மாதிரி லேசாக அதிர்ந்தது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தடவினேன், வழவழவென்றிருக்க வேண்டியது சொரசொரவென்றிருந்தது. கறுப்புப் பெட்டியில் கறுப்பு டேப். எலக்ட்ரீஷியன்கள் ஒட்டுகிற டேப், கட்டைவிரல் நகத்தளவு சதுரமாக வெட்டி ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், பிரிந்து விரலோடு வந்தது, அடியில் அந்தச் சிவப்புப் புள்ளி, நன்றாக, ஆரோக்கியமாக, இத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்த அலுப்பே இல்லாமல் எரிகிறது. சுவிட்சை ஆன் பண்ணினேன். எரிகிறது. ஆஃப் பண்ணினேன். எரிகிறது. ஆன், ஆஃப், ஆன், ஆஃப், பித்துப் பிடித்தவள் மாதிரி தட்டிக்கொண்டே இருந்தேன், அது பாட்டுக்கு எரிகிறது. இந்தச் சுவிட்சுக்கும் பாக்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டைரக்ட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் ராத்திரி தவறாமல், மத்தியானம் தவறாமல் அணைத்து அணைத்துப் படுத்த சுவிட்ச் வெறும் விளையாட்டுச் சாமான்.

உடனே என்ன தோன்றியது தெரியுமா, சொன்னால் வெட்கம், இந்த டேப்பை நானே ஒட்டியிருப்பேனோ என்று தோன்றியது. ஒட்டிவிட்டு மறந்திருப்பேனோ. என்னை அந்த அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அந்த நினைப்பிலேயே கொஞ்சநேரம் மாட்டிக்கொண்டு நின்றேன், கத்திரிக்கோல் எங்கே வைத்திருக்கிறேன், டேப் வீட்டில் எங்கே இருக்கிறது, எனக்குத் தெரியுமா, தெரியாது, தெரியாதா மறந்துவிட்டதா. அப்புறம்தான் விரலில் ஒட்டியிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் உள்பக்கமாகச் சின்னதாக மடித்திருந்தது, வேண்டும்போது பிரிக்க லேசாக இருக்கட்டும் என்று. செல்லோடேப்பானாலும் பிளாஸ்திரியானாலும் நுனியை அப்படி மடித்துவைக்கிற மனுஷன் இந்த வீட்டில் ஒருவர்தான். நெடுஞ்சாலைத் துறையில் சூப்பரின்டென்டன்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், பெயர் ஞானசேகரன், என்னைக் கட்டியவர். நான் அப்படியெல்லாம் மடிக்க மாட்டேன், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, நான் பல்லால் கடித்துக் கிழிக்கிற ஜாதி. ஸோஃபாவில் உட்கார்ந்தேன். வைஃபை ஞாபகம் வந்தது. அலமாரிக்கு மேலே அந்த வைஃபை பெட்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார், "அப்பதான் சிக்னல் நல்லா வரும்" என்றார், நானும் ஆமாம் போட்டேன். எழுந்து திருப்பினேன். பச்சையாக வரிசைக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. அதன் சுவிட்சும் ஆஃப்பில்தான் இருக்கிறது.

நான் கஞ்சம் இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், என் மகள் நிவேதாவும் அப்படித்தான் நினைக்கிறாள், நினைக்கட்டும். தையல் டீச்சராக இருந்தவளுக்கு ஒரு முழம் நூலை வீணாக்கினால்கூட மனசு கேட்காது, அது வேறு விஷயம். சும்மா இருக்கும்போதும் கரண்டைத் தின்னுகிற சாமான்கள் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்தான், படித்தேன், சரிதானே என்று பட்டது. வேலை செய்கிறவனுக்குச் சோறு போடலாம், வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கும் எதற்குப் போட வேண்டும். அதனால் அணைக்க ஆரம்பித்தேன். ஆனால் அது மட்டுமா? இல்லை. அம்மாதான். அம்மாவுக்கு முதலில் மோட்டார்தான் மறந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தெருவில் கொட்டும், கீழே போகிறவர்கள் திட்டுவார்கள், அம்மா உள்ளே அமைதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அப்புறம் அடுப்பு. அப்புறம் உலை வைத்து வடித்த சோற்றை மறுபடியும் வடித்தது. அப்புறம் ஒருநாள் நான் சடை பின்னிவிட்டுக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதை இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா போன பிறகு ஒவ்வொரு சுவிட்சையும் அணைக்கும்போது எனக்குள் ஒரு கணக்கு: நான் அணைத்துவிட்டேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் அம்மா இல்லை. கீஸர் ஆஃப், நான் அம்மா இல்லை. டிவி ஆஃப், நான் அம்மா இல்லை. இதை இவரிடம் சொல்லியிருக்கிறேன். மொட்டைமாடியில் வடாம் காயவைத்துக் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது, அதுதான் ஆறவில்லை. தெரிந்துதான் செய்திருக்கிறார்.

எப்போது ஆரம்பித்தது? என் சித்தி பேத்தி கல்யாணத்துக்கு நான் மட்டும் காரைக்குடிக்குப் போய்வந்த பிறகுதான். அதற்கு முன்னால் வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து, நான் அணைப்பேன், இவர் டிவி போடுவார், பாக்ஸ் உயிர்பெற்றுப் படம் வர நேரம் ஆகும், இவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். சண்டை போட மாட்டார். சண்டை போடத் தெரிந்திருந்தால் இந்த வினையே இல்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர் என்று என் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இவர் மேல் பெருமை, திலகா வாய்க்கு இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தாரே என்று. காரைக்குடியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் இவர் ரிமோட்டை அமுக்கியதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது. "நான் மத்தியானம் அணைச்சேனே" என்றேன். "இல்லயே, நான் வரும்போது ஆன்லதான் இருந்துச்சு. மறந்திருப்ப" என்றார். மறந்திருப்ப. அவ்வளவுதான், ஒரே ஒரு சொல், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல். நானும் விட்டுவிட்டேன். அப்புறம் மறுபடி. அப்புறம் போனில் வைஃபை வந்துகொண்டே இருந்தது, அணைத்தேனே என்று எழுந்தேன், "நீ உக்காரு, முட்டி வலியோட ஏன் எந்திரிக்கற, நான் பாக்கறேன்" என்று தானே போனார், போய், "ஆன்லதான் இருந்துச்சு திலகா, இப்ப அணைச்சுட்டேன்" என்றார், வந்து என் போனையும் வாங்கி ஏதோ அமுக்கிக் கொடுத்தார். எவ்வளவு அனுசரணை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார் என்று தெரிகிறது. கிள்ளியது வலித்தது, ஆட்டியது சுகமாக இருந்தது, நான் இரண்டையும் வேறு வேறு கை என்று நினைத்தேன்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட விடுங்கள், ஊரில் எந்தப் புருஷன் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் இவர் மேல் வைத்த பாசம் இருக்கிறதே, அதை எந்தக் குப்பையில் கொட்டுவது. ஒருநாள் குளியலறையில் கீஸர் விளக்கைப் பார்த்தபடி நின்று, போட்டேனா அணைத்தேனா என்று தெரியாமல் அழுதுவிட்டேன். கீஸருக்கு இவர் ஒன்றும் செய்யவில்லை, அந்தச் சுவிட்ச் நல்ல சுவிட்ச்தான், ஆனால் அதற்குள் எனக்கு எந்தச் சுவிட்சின் மேலும் நம்பிக்கை போய்விட்டிருந்தது, என் விரல் மேலேயே போய்விட்டிருந்தது. ஈரப் புடவையோடு வந்து, "எனக்கும் அம்மா மாதிரி ஆகுதுங்க" என்றேன். இவர் என்ன செய்தார்? துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. துவட்டிக்கொண்டே, "உனக்கு ஒண்ணும் இல்ல திலகா. நிஜமா ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குத் தைரியம் சொல்கிறார் என்று நினைத்தேன், என்ன மாதிரி மனுஷன் என்று இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் சொன்னது சத்தியம். சத்தியத்தையே ஆறுதல் மாதிரி சொல்லத் தெரிந்த ஆள். அந்தத் துண்டு இன்னும் கொடியில் கிடக்கிறது, இப்போது பார்த்தால்கூட அந்தக் கை என் தலையில் ஊர்கிற மாதிரி இருக்கிறது, உடம்பு கூசுகிறது. டாக்டரிடமும் போனோம். படம் காட்டி என்ன என்று கேட்டார், ஐந்து பொருள் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், எல்லாம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கீங்கம்மா" என்றவர், இவரைப் பார்த்து, "வீட்ல எப்படி இருக்காங்க சார், நீங்க என்ன கவனிச்சீங்க?" என்று கேட்டார். இவர் டாக்டர் மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் பதில் சொன்னேன், சுவிட்ச் போட்டது, அணைத்தது எதுவும் நினைப்பில் நிற்பதில்லை டாக்டர் என்று. அப்போது ஒரு வார்த்தை. டாக்டர், அது நான் செய்தது என்று ஒரு வார்த்தை இவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் காபி வாங்கிக் கொடுத்தார், சூடாக இருக்கிறது என்று ஆற்றி வேறு கொடுத்தார்.

ஒவ்வொன்றாக விட்டேன். ஸ்கூட்டியை விட்டேன். மெயின்கார்டு கேட் கடைவீதிப் பக்கம் தனியாகப் போவதை விட்டேன். இதெல்லாம் போகட்டும். நிவேதா. அவள் பெயர் வந்ததும் மனசு ஒதுங்குகிறது, அங்கே போகாதே என்கிறது, ஆனால் இன்றைக்குப் போகாமல் விட மாட்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓசூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையல், கன்னம் நிறையச் சந்தனம், பெட்டியைக் கட்டி வாசலில் தயாராக வைத்திருந்தாள். வளையல் போட்டு அன்றைக்கே அழைத்துவருவதாகத்தான் பேச்சு. நான் கலவைச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன், யாரோ ஒரு அம்மாள் தன் பேத்தியைக் குளிப்பாட்டுகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், கால்மேல் குப்புறப் போட்டு, மூக்கில் தண்ணீர் போகாமல் என்று. எனக்குக் கை நின்றுவிட்டது. என் காலில் குழந்தை கிடக்கிறது, வாசலில் காலிங்பெல் அடிக்கிறது, நான் எழுந்து போகிறேன், யாரோ வந்தவரோடு பேசிக்கொண்டு நிற்கிறேன், குழந்தையை எங்கே வைத்தேன்? தண்ணீர்த் தொட்டிக்குள்ளா? அப்படியே கண்ணுக்கு முன்னால் பார்த்தேன். சுவிட்சை மறக்கிற கை குழந்தையை மறக்காது என்று யார் சொன்னது. சம்பந்தியம்மாவிடம் போய், "நிவேதா இங்கயே இருக்கட்டுங்க, ஆஸ்பத்திரி இங்க பக்கமா இருக்கு" என்றேன். பெற்றவளே வேண்டாம் என்கிறாளா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னதுதான். நிவேதா எழுந்து வந்தாள், வளையல் குலுங்கக் குலுங்க. "ஏம்மா?" என்றாள். நான் முட்டி வலி என்றேன், வெயில் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய், "நாங்க வந்தா நாள் பூரா ஏசி ஓடும், கீஸர் ஓடும், அதானம்மா? பெத்த பொண்ணைவிட உனக்கு கரண்ட்தான் பெருசு" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். கஞ்சத்தனம் என்றே நினைக்கட்டும், நிறைமாதக்காரி மறதி என்று கேட்டுப் பயப்பட வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அவளிடம் சொல்லக் கூடாது என்று இவரிடம் முன்னாலேயே சத்தியமும் வாங்கியிருந்தேன். இவர் வாழைப்பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் மகள் என்னோடு வந்திருப்பாள். பேரன் பிறந்ததை எனக்குப் போனில்தான் சொன்னார்கள். இப்போது தவழ்கிறான். இதுவரை அவனை நான் நின்றுகொண்டு தூக்கியதே இல்லை, உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் மடியில் வாங்கிக்கொள்வேன். நிவேதா அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒட்டாத பாட்டி என்று நினைத்துக்கொள்கிறாள். போனில் அப்பா எங்கே என்றுதான் கேட்கிறாள்.

குக்கர் வைக்க வேண்டும், அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, ஊறட்டும். கத்த வேண்டும் போல் இருக்கிறது, கத்தினால் பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஏன் செய்தார்? இவர் கெட்டவரா? கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். வேண்டுமென்றே என்னைப் பைத்தியமாக்கத் திட்டம் போடுகிற அளவுக்கு இவருக்குச் சாமர்த்தியம் கிடையாது, ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பதில் எழுத ஒரு வாரம் யோசிப்பார். அப்படியானால் எதற்கு? எதற்காக என் மூளையை எடுத்து ஓரமாக வைத்தார்? எனக்குத் தெரியும் போல இருக்கிறது, தெரிந்ததைத் தொடப் பயமாக இருக்கிறது, அது அவ்வளவு சின்னதாக இருந்துவிட்டால் என்ன செய்வது. பெரிய காரணமாக இருக்கட்டும் கடவுளே. ஒரு பொம்பளையாவது இருக்கட்டும். கேட் திறக்கிற சத்தம். செருப்பைத் தட்டுகிற சத்தம். பவுடர் வாசனையோடு, கழுத்தெல்லாம் பொடி மயிரோடு உள்ளே வந்து, "கரண்ட் வந்துடுச்சா?" என்றார். நான் விரலை நீட்டினேன், நுனியில் அந்தக் கறுப்புத் துண்டு. பார்த்தார். நல்லவேளை, அது என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எப்ப?" என்றேன். "நீ காரைக்குடி போயிருந்தப்ப. ஆரோக்கியத்தக் கூப்பிட்டு..." என்றார். ஆரோக்கியம் எங்களுக்கு வழக்கமாக வருகிற எலக்ட்ரீஷியன், தீபாவளிக்கு என் கையால் முறுக்கு வாங்கிப் போகிறவன். "எதுக்கு?" கழுத்துப் பொடி மயிரைத் தட்டிவிட்டார். "எதுக்குங்க?" தலையைக் குனிந்துகொண்டு, "மேட்ச் ஆரம்பிச்சுடும் திலகா. அந்த பாக்ஸ் வர்றதுக்குள்ள ரெண்டு ஓவர் போயிடும்" என்றார். ரெண்டு ஓவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிஜமாகவே வந்தது, அழுகைக்கு முன்னால் முந்திக்கொண்டு வந்தது. "அப்ப நான் எதையுமே மறக்கல." "மறக்கல." "நான் அழுதப்பவாவது சொல்லியிருக்கலாமே." "சொல்லத்தான் நினைச்சேன். நீ அவ்வளவு பயந்துட்ட. அதுக்கப்புறம் சொன்னா என்னைய என்ன பண்ணுவியோன்னு எனக்குப் பயமாப் போச்சு. ஆனா உனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு எத்தன தடவ சொன்னேன், நீதான் நம்பல." நான்தான் நம்பவில்லையாம். கேட்டுக்கொள்ளுங்கள். "சரி, எனக்குச் சொல்ல வேணாம், அது முடிஞ்சுபோச்சு" என்றேன், என் குரல் எனக்கே அந்நியமாக, வகுப்பில் கேட்கிற குரலாக இருந்தது, "நிவேதாகிட்ட சொல்லுங்க. நான் ஏன் அவள கூட்டிட்டு வரலன்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே." "இப்ப எதுக்கு... அவ என்னைய என்ன நினைப்பா?" "என்னைய நினைச்சாளே, அத நான் வாங்கிக்கிட்டேனே?" இவர் போனை எடுத்து நானே போட்டேன், சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்து இவர் முன்னால் நீட்டினேன். மணி அடித்தது. நீண்ட நாளைக்குப் பிறகு நெஞ்சில் ஒரு நிமிர்வு, என் மகள் இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள்.

"என்னப்பா?" என்றாள், பின்னால் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம். "ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டியா? குட்டிப் பையன் என்ன பண்றான்?" நான் முறைத்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் பிரசவத்துக்கு அம்மா ஏன் உன்னைய கூட்டிட்டு வரலன்னா... நீ தப்பா நினைச்சுட்ட நிவேதா. கரண்டுக்காகவெல்லாம் இல்ல. அம்மாவுக்கு மறதின்னு ஒரு பயம். பாட்டிக்கு வந்துச்சே, அந்த மாதிரி. குழந்தைய ஏதாச்சும் பண்ணிடுவமோன்னு பயந்துட்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா." எல்லாம் உண்மை. அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், அந்தப் பயத்துக்குக் காரணம் நான்தான் என்கிற வாக்கியத்துக்காக. அந்தப் பக்கம் நிவேதா, "அப்பா, என்னப்பா சொல்ற? அம்மாவுக்கா? இத ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?" என்று உடைந்துபோய்க் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். காபியை ஆற்றிக் கொடுத்த அதே முகம், அதே சாதுவான கண், மன்னித்துக்கொள் என்கிற மாதிரி ஒரு கெஞ்சல் அதில். பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்பவும் அப்படித்தாம்மா இருக்கு. சுவிட்ச் போட்டது தெரியல, அணைச்சது தெரியல. நான் என்னமோ பண்ணிட்டேன்னு ஏதேதோ சொல்றா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

போனைப் பிடுங்கினேன். "நிவேதா, பொய்டி, அவ்வளவும் பொய். நான் எதையும் மறக்கல. உங்கப்பா ஆரோக்கியத்த வச்சு பாக்ஸுக்கு டைரக்ட்டா குடுத்து, நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு லைட்டு மேல டேப் ஒட்டி வச்சிருக்காரு. வைஃபைய சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்காரு. எல்லாம் என்னைய மறந்துட்டன்னு நம்ப வைக்கத்தான். இப்பதான் பிரிச்சுப் பாத்தேன், டேப் என் கையிலதான் இருக்கு." சொல்லும்போதே, புத்தி பிசகியவள் புலம்புகிற மாதிரி அது என் காதிலேயே விழுந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெல்ல, "சரிம்மா. சரி. நீ எதையும் மறக்கலம்மா. நான்தான் உன்னைய என்னென்னமோ பேசிட்டேன், என்னைய மன்னிச்சிரும்மா" என்றாள். "நான் சனிக்கிழமை வந்துடறேன். அதுவரைக்கும் நீ சுவிட்ச் பக்கமெல்லாம் போகாதம்மா, அப்பா பாத்துக்குவாரு." வளைகாப்பன்றைக்கு வாசலில் விட்டுவிட்டு வந்தேனே, அதிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த பாசம் அவ்வளவும் அந்தக் குரலில் இருந்தது.